நம் பெயரால் நடந்த போர்

(அட்டாளைச்சேனையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போர் எப்போது அறத்துக்கு உட்பட்டதாகும் என்பதைக் கிறிஸ்தவ நோக்கில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு முஸ்லிம் ஊரில், ஒரு தமிழ்க் கிறிஸ்தவனை அழைத்து இந்தத் தலைப்பைக் கொடுத்ததற்கு என் மனமார்ந்த நன்றி. இதைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ள இந்தக் கரையோரத்தில் எவராலும் முடியாது. மட்டக்களப்பிலிருந்து இங்கு வரும் பாதையே அதற்கு விடாது. கல்லடிப் பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் வந்தால் காத்தான்குடி. அதற்கப்பால் குருக்கள்மடம். கல்முனையைக் கடந்தால் சாய்ந்தமருது. சம்மாந்துறைப் பக்கம் திரும்பினால் வீரமுனை. நியாயம் தங்கள் பக்கமே இருக்கிறது என்று முழுமையாக நம்பியவர்கள் மனிதரைக் கொன்ற இடங்கள் இவை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நீதியான போருக்கென்று கிறிஸ்தவ மரபு சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. அவற்றை எதிராளி நடத்தும் போரில் பொருத்திப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த மரபு தன் உயர்ந்த கணங்களில் பேசியது தன் சொந்த அரசனிடம், தன் சொந்தப் படையிடம், தன் சொந்த மக்களிடம். எங்கள் பெயரால் நடந்த போரை அந்தத் தராசில் வைக்க நாங்கள் தயங்கினால், அப்படியொரு மரபு எங்களுக்கு உண்டென்று சொல்லிக்கொள்ள உரிமையில்லை.

தொடக்ககாலத் திருச்சபைக்குப் போர் பற்றிய கேள்வி பெரிதாக எழவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவியபோது, அதை உறையில் போடச் சொன்ன ஆண்டவரைப் பின்பற்றியவர்கள் அவர்கள். 295ஆம் ஆண்டில், இன்றைய அல்ஜீரியாவில், மக்சிமிலியான் என்ற 21 வயது இளைஞர் உரோமைப் படையில் சேர மறுத்துத் தலை வெட்டுண்டு இறந்தார். அதே காலத்தில் படையில் இருந்த கிறிஸ்தவர்களும் உண்டு. கொன்ஸ்தாந்தைன் 312இல் வெற்றி பெற்று, மறு ஆண்டு கிறிஸ்தவத்துக்குச் சட்ட ஏற்பு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. துன்புறுத்தப்பட்ட சமயம் அரசாளுகிற சமயமானது. எல்லை காக்க வேண்டும், கொள்ளையரைத் தடுக்க வேண்டும், குடிமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாளே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருக்க முடியாத இடத்துக்கு அது வந்து சேர்ந்தது.

அந்த இடத்தில் நின்று சிந்தித்தவர் வட ஆபிரிக்காவின் ஆயர் புனித அகுஸ்தீனார். போரில் பெரிய தீமை சாவு என்று அவர் கருதவில்லை. துன்புறுத்தும் வெறி, பழிவாங்கும் கொடுமை, ஆளும் ஆசை ஆகியவைதான் அவர் கண்ணில் பெரிய தீமைகள். அநீதிக்கு ஆளானவனைக் காக்க வேறு வழியில்லாதபோது அரசன் வாளெடுக்கலாம். அதையும் கண்ணீரோடு செய்ய வேண்டும், சமாதானத்தைக் குறிவைத்துச் செய்ய வேண்டும் என்பது அவர் நிலை. 430இல் அவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது அவருடைய ஹிப்போ நகரை வண்டால்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். முற்றுகைக்குள் கிடப்பது என்னவென்று தெரியாமல் எழுதிய மனிதரல்ல அவர்.

ஆயினும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தவர், அகுஸ்தீனாருக்குத் திருமுழுக்குக் கொடுத்த மிலான் ஆயர் அம்புறோசியார். 390ஆம் ஆண்டு தெசலோனிக்காவில் மக்களுக்குப் பிரியமான ஒரு தேரோட்டியைச் சிறையில் போட்டதால் கலகம் மூண்டது. உரோமைத் தளபதி கொல்லப்பட்டார். பேரரசன் தியோடோசியஸ் பழிதீர்க்க ஆணையிட்டான். விளையாட்டரங்கில் கூடியிருந்த மக்களைப் படையினர் வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர் 7,000 பேர் என்று வரலாற்றாசிரியர் தியோடொரெட் எழுதியிருக்கிறார். இந்தத் தியோடோசியஸ் யார்? கிறிஸ்தவத்தைப் பேரரசின் சமயமாக ஆக்கியவன். திருச்சபைக்கு அவனைவிடப் பெரிய காவலன் அன்று இல்லை. அவனுக்குத்தான் அம்புறோசியார் கடிதம் எழுதினார். நீ வந்து நிற்கும் பீடத்தில் நான் பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். பேரரசன் அரச உடையைக் களைந்து, மக்கள் முன்னிலையில் மாதக்கணக்கில் தவம் செய்தான்.

அந்தக் காலத்தில் அம்புறோசியாருக்கு ஆயிரம் சாட்டுகள் இருந்தன. தளபதியைக் கொன்றது யார், கலகத்தைத் தொடங்கியது யார், இப்போது அரசனைக் கண்டித்தால் எதிரிகளுக்கு வாய்ப்பாகிவிடாதா? இந்தக் கேள்விகளை இலங்கையில் நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம், முப்பது வருடமாக. அம்புறோசியார் அவற்றைக் கேட்காமல் கடிதத்தை அனுப்பினார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இந்தச் சிந்தனைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார். போரை அறிவிப்பவருக்கு அதற்குரிய அதிகாரம் இருக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், நோக்கம் நேராக இருக்க வேண்டும். பின்வந்தவர்கள் இன்னும் சேர்த்தார்கள். மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும். அகற்றப்போகும் தீமையைவிட விளையப்போகும் தீமை பெரிதாக இருக்கக் கூடாது. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2309ஆம் எண்ணில் இவற்றைத் தொகுத்திருக்கிறது. இவை போர் தொடங்குமுன் கேட்க வேண்டியவை. தொடங்கிய பின் கேட்க வேண்டியது இன்னொன்று: ஆயுதம் ஏந்தாதவரை நீ தொட்டாயா?

இந்தக் கடைசிக் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. முதலாம் கலீபா அபூபக்கர் (ரலி) படையை அனுப்பும்போது பெண்களையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லாதீர்கள், கனி தரும் மரத்தை வெட்டாதீர்கள், மடங்களில் இருக்கும் துறவிகளை விட்டுவிடுங்கள் என்று கட்டளையிட்டதை இந்த அவைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புறநானூற்றின் 9ஆம் பாடலில் நெட்டிமையார், அம்பு விடுமுன் பெண்டிரையும் நோயாளரையும் அரணுக்குள் போகச் சொல்லும் ஓர் அரசனைப் பாடுகிறார். ஆக, இந்தக் கரையில் பேசப்படும் தமிழுக்கும் இந்தக் கரையில் ஓதப்படும் வேதங்களுக்கும் இந்தச் சட்டம் பழகிய சட்டம். தெரியாமல் மீறினோம் என்று எங்களில் யாரும் சொல்ல முடியாது.

சிலுவைப் போர்களைப் பற்றிக் கேட்க இங்கு பலருக்கு எண்ணம் இருக்கும். கேட்க வேண்டியதுதான். 1099 ஜூலையில் எருசலேமுக்குள் நுழைந்த கிறிஸ்தவப் படை முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தது. அகுஸ்தீனாரின் சொற்களைத் தெரிந்தவர்கள்தான் அந்தப் படையை ஆசீர்வதித்து அனுப்பினார்கள். மரபு ஒன்று இருப்பதால் மனிதர் அதன்படி நடந்துவிடுவதில்லை. 1539இல் ஸ்பானியக் குருவும் சட்ட அறிஞருமான பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, சமயம் வேறு என்பது போருக்கு நியாயமான காரணமாகாது என்று சலமங்காவில் தன் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அமெரிக்கப் பழங்குடிகள் மீது அவருடைய சொந்த அரசன் நடத்திய போரைக் கருத்தில் வைத்துச் சொன்ன பாடம் அது.

அதற்குப் பிறகு நூறு வருடம்கூடச் செல்லவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டியை ஆண்ட பௌத்த மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான். அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்பது வேறு விடயம். ஆனால் இந்தக் கரையோரத்துக் குடும்பங்களில் சிலவற்றின் முன்னோர் ஒரு கிறிஸ்தவ அரசு துரத்தியதால் இங்கு வந்து சேர்ந்தவர்கள். வித்தோரியாவின் பாடம் லிஸ்பனுக்குப் போய்ச் சேர நேரம் இருந்தது. கேட்க மனம் இல்லை. இதை ஒரு கிறிஸ்தவன் இந்த மேடையில் நின்று சொல்லாமல் போகக் கூடாது.

இனி எங்கள் போருக்கு வருகிறேன்.

தமிழர் தரப்பின் காரணம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதை மறைக்கப் போவதில்லை. மற்ற வழிகளை முயன்றீர்களா என்ற கேள்விக்கும் எங்களிடம் பதில் உண்டு. அதைத் தருபவர் ஒரு கிறிஸ்தவர், தந்தை செல்வா. 1956இல் அவர் தலைமையில் சென்றவர்கள் காலிமுகத் திடலில் அமர்ந்து அடிவாங்கினார்கள். 1957இல் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம், அது கிழிக்கப்பட்டது. 1961இல் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம். கிழக்கின் முஸ்லிம்களும் அதில் பங்குகொண்டார்கள். ஆமி வந்து கலைத்தது. 1965இல் டட்லியோடு ஒப்பந்தம், அது நிறைவேறவில்லை. பிறகு 1983 ஜூலை. நீண்ட காலக் கொடுங்கோன்மை மனிதரின் அடிப்படை உரிமைகளை நசுக்கும் நிலையை, 1967இல் பாப்பரசர் ஆறாம் பவுல் தன் சுற்றுமடலில் கிளர்ச்சி பற்றிய பொது எச்சரிக்கைக்கு ஒரு விதிவிலக்காகக் குறிப்பிட்டார். எங்கள் குருமாரில் சிலர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் தராசு அங்கே நின்றுவிடுவதில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் இஷாத் தொழுகை நேரம். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் வரிசையாக நின்று தொழுதவர்கள் மீது விடுதலைப் புலிகள் பின்புறமிருந்து சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், சிறுவர்களும் அவர்களில் உண்டு. சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களை ஊரவர் இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் தெரியும், சில துளைகள் தரையிலிருந்து மிகக் குறைந்த உயரத்தில் இருக்கின்றன. அதற்கு முந்திய மாதம் குருக்கள்மடத்தில் பயணிகளை வாகனங்களிலிருந்து இறக்கி, முஸ்லிம்கள் என்பதற்காகக் கொன்றார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1626க்குப் பிறகு இந்தத் தீவில் ஒரு சமயத்தாரை ஒட்டுமொத்தமாகத் துரத்திய அரசும் படையும் எவை என்று எண்ணிப் பார்த்தால், எங்கள் பெயரால் போரிட்டவர்கள் அந்த வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

உடனே ஒரு பதில் வரும். உடும்பன்குளத்தில் நடந்தது என்ன, வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழருக்கு நடந்தது என்ன, சத்துருக்கொண்டானில் நடந்தது என்ன? அவை நடந்தன. கொல்லப்பட்டவர்களின் உறவினர் இன்னும் அழுகிறார்கள். அந்தக் கொலைகளைப் பற்றிக் கேட்கும் கடமை முதலில் அவற்றைச் செய்த படையினருடையதும் ஊர்காவல் படையினருடையதுமான சமூகங்களுக்கு உண்டு. அதை அவர்கள் செய்வார்கள் என்று நம்புகிறேன். அம்புறோசியார் தியோடோசியஸுக்கு எழுதியதுபோல் காத்தான்குடிக்காக எழுத வேண்டியவர்கள் தமிழர்கள். முக்கியமாக, ஞாயிறுதோறும் பீடத்தின் முன் முழந்தாளிடுகிற தமிழர்கள்.

அரசின் போரையும் இதே தராசில் வைக்கலாம். 2006 ஜூலையில் மாவிலாற்று அணையின் கதவைப் புலிகள் பூட்டினார்கள். சிறுபோக வெள்ளாமை வயலில் நிற்கும் மாதம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று வேறுபாடில்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாய்க்காலில் தண்ணீர் நின்றது. துருசு பூட்டினால் என்ன ஆகும் என்பதை அம்பாறை மாவட்டத்துக்கு விளக்கத் தேவையில்லை. அந்தத் தண்ணீரை மீட்பது எந்தக் கணக்கிலும் நியாயமான காரணம். ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் போர்க்களமாகி, முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். மூதூரிலேயே ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர், பெரும்பாலும் தமிழர், சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். சில நாளில் தண்ணீர் திரும்பவும் ஓடியது. போர் நிற்கவில்லை. மனிதாபிமான நடவடிக்கை என்று அரசு வைத்த அதே பெயரில் அது வாகரைக்குப் போனது, தொப்பிகலைக்குப் போனது, கிளிநொச்சிக்குப் போனது, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. நோக்கம் நேராக இருக்க வேண்டும் என்று அக்குவினாஸ் சொன்னதன் பொருள் எனக்கு மாவிலாற்றில்தான் விளங்கியது. சொன்ன காரணம் தீர்ந்த அன்று வாளை உறையில் போடுகிறவனுக்கே அந்தக் காரணம் உண்மையான காரணம்.

முள்ளிவாய்க்காலைப் பற்றி இரு தரப்பும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. மக்களுக்குள் மறைந்துகொண்டு சுட்டது புலிகள், அதனால் மக்கள் இறந்த பழி அவர்களுக்கு என்கிறது அரசு. பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்திலும் மருத்துவமனைகளிலும் எறிகணை வீசியது அரசு, அதனால் முழுப் பழியும் அரசுக்கு என்கிறோம் நாங்கள். கிறிஸ்தவ மரபில் பழி அப்படிக் கைமாறுவதில்லை. மக்களைக் கவசமாக்கியவனின் குற்றம் அவனுடையது. கவசமாக நிற்பது மக்கள் என்று தெரிந்தே சுட்டவனின் குற்றம் இவனுடையது. ஒன்று மற்றதில் ஓர் இம்மியும் குறைக்காது.

வன்னியில் நின்ற குருமார் இரண்டையும் கண்டார்கள். வலைஞர்மடம் தேவாலயத்தில் பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்த பெற்றோரின் கையிலிருந்து புலிகள் அந்தப் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்துப் போனார்கள். பின்னர் அதே தேவாலய வளவில் எறிகணை விழுந்தது. மக்களை விட்டு வர மறுத்த அருட்தந்தை சரத்ஜீவன் போர் முடிந்த நாளிலேயே இறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், சரணடைந்தவர்களோடு ஆமியிடம் போனார். பிறகு அவரை யாரும் காணவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன்னால் கச்சேரிக் கணக்குகளை வைத்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அதே சமயம் தெற்கில் எங்கள் சபைகளின் ஆலயங்கள் சிலவற்றில் வெற்றிக்கு நன்றி வழிபாடு நடந்தது. ஒரே விசுவாசம், ஒரே மறைக்கல்வி நூல், ஒரே 2309ஆம் எண். சிங்களக் கிறிஸ்தவ சகோதரர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தங்கள் பெயரால் நடந்த போரை அவர்கள் இன்னும் தராசில் வைக்கவில்லை என்ற மனவருத்தம் இருக்கிறது.

வன்னிக் குருமாரைப் போல் மக்களோடு நின்றவர்கள் இந்தக் கிழக்கிலும் உண்டு. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூனில் ஆலய வளவிலேயே சுடப்பட்டார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து ஒரு தமிழ் இளைஞனோடு மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். காத்தான்குடியும் ஏறாவூரும் எரிந்து இரண்டு கிழமை ஆகாத நேரம். இருவரும் வந்து சேரவில்லை. பழிக்குப் பழி ஓடிக்கொண்டிருந்த பாதையில் தனியே போனார்கள்.

2020இல் பாப்பரசர் பிரான்சிஸ், இன்றைய ஆயுதங்களையும் போரின் இயல்பையும் பார்க்கும்போது நீதியான போர் என்று பேசுவதே மிகக் கடினம் என்று எழுதினார். எந்த வெற்றியாலும் ஈடுசெய்ய முடியாத அளவு அழிவு எல்லாப் பக்கமும் வருவதை நாங்கள் கண்டவர்கள். அவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நிபந்தனைகளைக் கைவிட எனக்கு மனமில்லை. நீதியான போரே கிடையாது என்று சொல்லிவிட்டால், நடந்த போரில் யார் எதை மீறினார்கள் என்று கேட்கும் கருவியும் கையைவிட்டுப் போய்விடும்.

அந்தக் கேள்வியைத் தன் பக்கமே கேட்ட ஒரு சமூகத்தை இந்த மாவட்டத்திலேயே கண்டோம். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். கொன்றவர்கள் இஸ்லாத்தின் பெயரால் போர் புரிவதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் அந்தக் கூட்டத்தார் ஒளிந்திருந்தபோது, சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். கொலைகாரர்களின் உடல்களைப் பொறுப்பேற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. எங்கள் சமூகம் 1990இல் செய்யாததை உங்கள் சமூகம் 2019இல் செய்தது. அதற்குக் கைம்மாறாக, மே மாதம் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் உங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

போரின் முடிவு சமாதானமாக இருக்க வேண்டும் என்றார் அகுஸ்தீனார். 2009க்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது, கணக்கு ஓயவில்லை. குருக்கள்மடத்துப் புதைகுழி விடயம் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றம் வரை போய், பிறகு பல ஆண்டுகள் இழுபட்டது. தங்கள் தகப்பன்மாரின் எலும்புகளை எடுத்து ஜனாஸாத் தொழுகை நடத்தி முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தக் குடும்பங்கள் கேட்டது. அந்த வழக்கைக் காத்தான்குடியாரும் கல்முனையாரும் மட்டும் தூக்கிச் சுமக்கக் கூடாது. அது நடந்தது தமிழ்க் கிராமத்தின் கரையில், தமிழரின் பெயரால். அங்கு நிலத்தைத் தோண்டும் ஒவ்வொரு நாளும் மட்டக்களப்பு மறைமாவட்டத்தின் குருமாரும், மெதடிஸ்த போதகர்களும், சுற்றுவட்டத் தமிழ்க் கிராமத்துப் பெரியவர்களும் அங்கே வந்து நிற்க வேண்டும். தெரிந்தவர்கள் தெரிந்ததை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கையை நான் எழுத்தில் என் சபைக்குக் கொடுக்கப்போகிறேன். இந்த உரையின் பிரதி ஒன்றும் அதோடு போகும்.